டிக்கி காசுக்கும் ரசீது உண்டு

போன மாதம் இந்தக் கேள்வி-பதில் பகுதியில், தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக்காரர்கள் நடத்தும் தர்ம சங்கத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். முப்பத்தோரு வருடம் அதன் பொருளாளராக இருந்தவள் என்பதால் பேச்சுவாக்கில் வந்துவிட்டது. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, ஊர்ப் பணம் திரட்டிய கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, ஊரில் உள்ள தர்ம சங்கம் ஒன்றின் வரலாற்றை எழுதிவரும்படி என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் சங்கம் எப்படித் தொடங்கியது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
– டர்பன் பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி

தங்கச்சி, கதை சாட்ஸ்வொர்த்தில் தொடங்கவில்லை. டர்பன் கடற்கரைக்குப் பக்கத்தில், சோம்ட்சியூ ரோட்டை ஒட்டியிருந்த மேகசின் பேரக்ஸில் தொடங்குகிறது. டர்பன் கார்ப்பரேஷன் தன் இந்திய வேலைக்காரர்களைக் குடிவைத்த இடம் அது. தெருக் கூட்டுகிறவர்கள், குப்பை வண்டியில் போகிறவர்கள், பூங்காவில் வேலை செய்கிறவர்கள். பெரும்பாலும் தமிழர், அடுத்தபடி தெலுங்கர். நான் 1951-ல் அங்கேதான் பிறந்தேன். தாத்தா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டினார். அப்பாவுக்கும் அதே வேலை.

பேரக்ஸில் யாராவது இறந்துவிட்டால் தாத்தா அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் தகரத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவார். பின்னாலேயே நோட்டும் பென்சிலுமாக நான் போவேன். வீட்டுக்கு வீடு வாசலில் நிற்பாரே தவிர, வாய் திறந்து கேட்க மாட்டார். தகரத்தை நீட்டவும் மாட்டார், இடுப்போடு அணைத்துப் பிடித்திருப்பார். கொடுக்கிறவர்கள் கிட்டே வந்து போடுவார்கள். ஏன் தாத்தா நீட்ட மாட்டேன் என்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "நீட்டினா இல்லாதவங்களுக்குக் கூச்சமா இருக்கும் பாப்பா. இப்படி வச்சிருந்தா அவங்க சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு உள்ள போகலாம்" என்றார்.

தகரத்தில் விழுவது பெரும்பாலும் டிக்கி. மூன்று பென்னி நாணயத்துக்கு இங்கே அதுதான் பெயர், உங்கள் மகள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். 1961 பிப்ரவரியில் பவுண்டு போய் ராண்ட் வந்த பிறகும், இரண்டரை சென்ட் காசைக் கொஞ்ச காலம் டிக்கி என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்ததும் தாத்தா தரையில் பழைய செய்தித்தாளை விரித்து எண்ணுவார். எத்தனையாம் நம்பர் வீடு, எவ்வளவு தொகை என்று நான் எழுதுவேன். கொடுக்காத வீட்டின் நம்பரை எழுதவே கூடாது. அது அவர் போட்ட சட்டம். இன்றுவரை எங்கள் நோட்டில் யாருக்கும் நேராகச் சைபர் போட்டதில்லை.

அப்புறம் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. எந்த நிறத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று அரசாங்கம் கோடு போட்டது. அறுபதுகளின் நடுவில் பேரக்ஸைக் காலி செய்தார்கள். எங்களைச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டார்கள். வீடு தந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடம் சுவரோடு சுவராக இருந்த குடும்பங்களைத் திசைக்கொன்றாகப் பிரித்துவிட்டார்கள். எங்கள் புதுத் தெருவில் பேரக்ஸ்காரர்கள் மூன்று வீடு. மற்றவர்கள் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது.

நாங்கள் குடிவந்து ஏழாவது மாதம், எதிர்வரிசையில் ஒரு தகப்பனார் இறந்துபோனார். நாலு பிள்ளைகள், மூத்தவனுக்குப் பதினொரு வயது. முதலில் பணம் கட்டினால்தான் பெட்டி வரும் என்று இறுதிச்சடங்குக் கடையில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா தையல் மிஷினை வாசலில் தூக்கிவைத்துவிட்டு, வாங்குகிறவர்கள் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா பார்த்தார். வீட்டுக்குள் வந்து தகரத்தை எடுத்தார். அவருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வீக்கம் வேறு. அந்த மேட்டுத் தெருவில் முன்பின் தெரியாத ஒவ்வொரு வாசலிலும் நின்றார். சாயங்காலத்துக்குள் பணம் சேர்ந்தது. மிஷின் திரும்ப உள்ளே போனது. அந்த அம்மா அதில் தைத்துத்தான் பிறகு நாலு பேரையும் படிக்கவைத்தாள்.

கருமாதி முடிந்த அன்று இரவு எங்கள் சமையலறையில் பதினான்கு வீட்டுக்காரர்கள் கூடினார்கள். சாவு வந்த பிறகு ஓடுவதைவிட, மாதாமாதம் வீட்டுக்கு இருபது சென்ட் சேர்த்துவைப்போம் என்று முடிவானது. சங்கம் பிறந்தது அப்படித்தான். வருடம் 1966. முதல் மூன்று வருடம் தகனச் செலவு மட்டும் கொடுத்தோம். கிளேர் எஸ்டேட் தகனக் கூடத்துக்குப் போய்வரும் பஸ் வாடகையும் அதில் அடக்கம். பிறகு பள்ளிச் சீருடை, பிறகு மூக்குக் கண்ணாடி, பிறகு பரீட்சைக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மகளை வரச்சொல்லுங்கள், முதல் நோட்டைக் காட்டுகிறேன். தமிழில் எழுதியிருக்கும். 1974-க்குப் பிறகு ஆங்கிலம். அந்த மாற்றத்தையும் அவள் எழுதட்டும், அதுவும் வரலாறுதான்.

அம்மா, வணக்கம். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்கான பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரிய வணிகர்கள் கொடுத்த நன்கொடையில் எழுந்தவை என்று படித்திருக்கிறேன். கூலிகளாக வந்த தமிழர்களிடம் கொடுப்பதற்கு என்ன இருந்திருக்கும்?
– கோயம்புத்தூர் வாசகர்

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வணிகர்கள் கொடுத்தார்கள் என்பது உண்மை. 1894-ல் காந்தி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதி இந்தியருக்காக நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தொடங்கியபோது குறைந்தபட்சச் சந்தா மாதம் 5 ஷில்லிங். அதை வசூலிக்கக் காந்தியும் கூட இருந்தவர்களும் எத்தனை பாடுபட்டார்கள் தெரியுமா? டோங்காட் என்ற ஊரில் ஒரு வணிகர் 6 பவுண்டு தருவார் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறார்கள். அவர் 3 பவுண்டுக்கு மேல் அசையவில்லை. இவர் மூன்று கொடுத்தால் ஊரில் மற்றவர்களும் மூன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லோருக்கும் நல்ல பசி. ஆனாலும் ஆறு பவுண்டு வராமல் அந்த வீட்டில் சாப்பிடுவதில்லை என்று இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். விடியும் நேரத்தில் அவர் இறங்கிவந்து ஆறு பவுண்டும் கொடுத்து விருந்தும் போட்டார். காந்தியே இதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இப்போது கூலிக்காரர் பக்கம் வாருங்கள். 1860 நவம்பரில் முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஆணுக்கு முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருடம் 14 ஷில்லிங். ஆக, காங்கிரஸ் சந்தா அவருக்குப் பாதிச் சம்பளம். ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கினால் ஆளுக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி, அதாவது 60 ஷில்லிங். 1914 வரை அந்த வரி இருந்தது. நீங்கள் கேட்பது சரிதான், அவர்களிடம் என்ன இருந்திருக்கும்?

கொடுத்தார்கள் ஐயா. நாங்கள் படித்த பள்ளிகளே அதற்குச் சாட்சி. நேட்டாலில் எங்கள் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தானாகக் கட்டித்தந்த பள்ளிகள் நெடுங்காலம் மிகக் குறைவு. பெரும்பாலானவை அரசு உதவி பெறும் பள்ளிகள். இடமும் கட்டடமும் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தரும். பின்னாளில் கட்டடச் செலவிலும் நாம் ஒரு பவுண்டு போட்டால் அவர்கள் ஒரு பவுண்டு போடுவார்கள். அந்த நம்முடைய பவுண்டை யார் போட்டது? கரும்புத் தோட்டத்திலும் ரயில்வேயிலும் சலவைக்கூடத்திலும் வேலை செய்தவர்கள். ஒரு பள்ளிக் கமிட்டி செங்கல் சீட்டு விற்றது. ஒரு ஷில்லிங்குக்கு ஒரு சீட்டு, அதில் செங்கல் படம் அச்சடித்திருக்கும். என் அம்மா மூன்று வைத்திருந்தாள், பிள்ளைக்கு ஒன்று. அந்தப் பள்ளியில் நாங்கள் படிக்கவே இல்லை, அது வேறு ஊர். கேட்டால், "யாரோ ஒரு பிள்ளை அதுக்குள்ள உக்காந்திருக்கும்ல" என்பாள்.

கட்டடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்தார்கள். அதற்குப் பிளாட்டூன் பள்ளி என்று பெயர். மதிய வகுப்புக்காரி நான். காலை வகுப்புப் பிள்ளையின் சூடு ஆறாத பெஞ்சில்தான் உட்கார்வேன்.

பெரிய பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1927-ல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே வந்தார். ஆசிரியர் பயிற்சியும் உயர்நிலைப் படிப்பும் இல்லாமல் இந்த மக்கள் தலையெடுக்க முடியாது என்று ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1929-ல் டர்பனில் திறந்த சாஸ்திரி கல்லூரி அந்த மக்கள் பணம். இன்னொருவர் எம். எல். சுல்தான். கொல்லம் பக்கத்திலிருந்து 1890-ல் ஒப்பந்தக் கூலியாக வந்து ரயில்வேயில் வேலை செய்தவர். பிறகு விவசாயம், வியாபாரம் என்று முன்னேறினார். தொழிற்கல்விக்காக 1942-ல் 12,500 பவுண்டு கொடுத்தார். மாலை வகுப்புகளாக நடந்துகொண்டிருந்த படிப்புக்கு 1956-ல் அவர் பெயரிலேயே சொந்தக் கட்டடம் எழுந்தது. இன்று அது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. பெரிய வணிகர் கொடுத்தது என்று நீங்கள் படித்த கணக்கில் இவரும் இருப்பார். ஆனால் அவரும் ஒரு காலத்தில் நீங்கள் சொல்லும் அந்தக் கூலிதான்.

எங்கள் சாட்ஸ்வொர்த்தில் 1969-ல் திறந்த ஆர். கே. கான் மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால், ஒரு வழக்கறிஞர் உயிலில் எழுதிவைத்த சொத்து இருக்கிறது. அவர் பெயரை எல்லோரும் தினமும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். செங்கல் சீட்டு வாங்கியவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அந்த வருத்தத்தில்தான் நான் பழைய நோட்டுகளைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அவர்கள் பெயர் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

அம்மா, எங்கள் மொரீஷியஸ் கோயில்களைப்போல அங்கேயும் ஆடி மாதம் கூழ் ஊற்றுவார்களா? அதை வைத்துப் பணம் திரட்டும் வழக்கம் உண்டா?
– போர்ட் லூயி வாசகி

ஊற்றுவோம் தாயே. மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் இங்கே பெரிய விசேஷம். ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகள் 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். ஆனால் கூழை விற்க மாட்டோம், அதை வைத்து உண்டியலும் குலுக்க மாட்டோம். அம்மன் கூழ் வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா ஊற்ற வேண்டியது.

பணம் திரட்டப் பிரியாணி இருக்கிறது. டர்பனில் எந்தச் சங்கத்தைக் கேட்டாலும் பிரியாணி விற்ற கதை ஒன்று இருக்கும். எங்களுடையது வருடம் இரண்டு முறை. வெள்ளிக்கிழமை இரவே ஆண்கள் விறகடுப்பு மூட்டுவார்கள். நாங்கள் பருப்பு கழுவி, உருளைக்கிழங்கு சீவி, வெங்காயம் வறுத்து வைப்போம். எங்கள் பிரியாணியில் தோலோடு முழு மசூர்ப் பயறும் உருளைக்கிழங்கும் இருந்தே ஆக வேண்டும், கூடவே தால், ஒரு பொட்டலம் சம்பல். டிக்கெட்டை ஒரு மாதம் முன்பே விற்றுவிடுவோம், ஆகவே எத்தனை அண்டா வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். மிச்சம் ஆகாது, நஷ்டம் வராது. 'தண்ணி' என்ற சீட்டாட்டத்தில் போட்டியும் நடத்தியிருக்கிறோம். உங்கள் ஊரில் அந்த ஆட்டம் தெரியுமோ என்னவோ, இங்கே பாட்டிகள்கூட ஆடுவார்கள். ஒரு மேசைக்கு இவ்வளவு என்று கட்டணம், ஜெயித்தவர்களுக்குக் கோப்பை.

ராஃபிள் குலுக்கலில் மட்டும் எனக்கு என்றைக்கும் மனம் ஒட்டவில்லை. ஒரு கார் பரிசு என்று ஆசைகாட்டி ஏழைகளிடம் சீட்டு விற்பதைவிட, அவர்கள் காசுக்கு ஒரு தட்டுச் சோறு கையில் கொடுத்து அனுப்புவது மேல். சங்கத்தில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இரண்டு முறை தோற்றும் இருக்கிறேன்.

உங்கள் தீவுக்கு நாங்கள் ஒரு கடன் பட்டிருக்கிறோம். ஜோகன்னஸ்பர்க்கில் தமிழ் உதவிச் சங்கத்தின் தலைவராக இருந்து, சத்தியாகிரகத்தில் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன தம்பி நாயுடு 1875-ல் பிறந்தது மொரீஷியஸில்தான். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஆன்ட்டி, எங்கள் இளைஞர் குழுவில் இப்போது எல்லாம் போன் வழியாகவே பணம் வருகிறது. ஐந்து ராண்ட், பத்து ராண்டுக்கெல்லாம் ரசீது வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். தேவையா?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

தேவை தம்பி. ஏன் என்று சொல்ல எனக்கு வலிக்கிற ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

1983-ல் எங்கள் சங்கத்தில் ஒரு பெரிய குலுக்கல் நடந்தது. சீட்டுப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போன ஒருவர் எல்லோருக்கும் வேண்டியவர், எங்கள் வீட்டில் கைநனைக்காமல் போகாதவர். நாள் வந்தபோது அவரிடமிருந்து 1,140 ராண்ட் வரவில்லை. அன்றைக்கு அது இரண்டு வருடத்துச் சீருடைப் பணம். கேட்டபோது முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு உட்கார்ந்து அழுதார். வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது, வீட்டில் சொல்லாமல் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

போலீசுக்குப் போகலாம் என்றார்கள் பாதிப் பேர். நான் அப்போதுதான் பொருளாளராகி ஒரு வருடம். என் தப்பும் அதில் இருந்தது. எந்தப் புத்தகம் எந்தக் கையில் என்று எழுதிவைத்தேன், வாராவாரம் அடிக்கட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஐம்பது ராண்டிலேயே பிடித்திருக்கலாம், அந்த மனிதரும் தப்பித்திருப்பார். கடைசியில் ஊர்க் கூட்டம் கூட்டி நடந்ததை நடந்தபடி சொன்னோம். அவர் பெயரைச் சொல்லவில்லை. தொகையைச் சொன்னோம், எப்படி நடந்தது என்று சொன்னோம், இனி என்ன செய்வோம் என்று சொன்னோம். அவர் மூன்று வருடத்தில் சிறுகச் சிறுகக் கட்டி முடித்தார். கடைசித் தவணையை அவர் மனைவி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து ஒரு டிக்கி வந்தாலும் ரசீது. போனில் வந்தால் போனிலேயே ஒரு வரி திருப்பி அனுப்புங்கள்: பெயர், தொகை, தேதி, எதற்காக. மாதக் கடைசியில் வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதிக் குழுவில் எல்லோருக்கும் போடுங்கள். கொடுத்தவரின் பெயரைப் போட வேண்டாம் என்றால் ரசீது எண்ணைப் போடுங்கள். நேட்டால் காங்கிரசிலும் வந்த காசுக்கெல்லாம் காந்தி ரசீது கொடுக்கவைத்தார், ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்தார். உங்கள் பெரியவர்கள் பிடிவாதக்காரர்கள் இல்லை. என்னைப்போல ஏதோ ஒன்றைப் பார்த்தவர்களாக இருக்கும்.

அக்கா, சங்கம் தொடங்கியது தமிழ்க் குடும்பங்களுக்காக. இப்போது குடிசைப் பகுதிக்கும் போகிறீர்களாமே. நம் ஆட்களுக்கே போதாதபோது இது சரியா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கூட்டத்திலும் இதையேதான் கேட்டீர்கள். அன்றைக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டில் கரையோரம் காய்கறி பயிரிட்டிருந்த நம் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. அன்றைக்கு மாரிமுத்து படவாட்டானும் இன்னும் ஐந்து பேரும், கடலில் வலை போட்டுப் பிழைக்கும் சாதாரண மீனவர்கள், தங்கள் படகை அந்த வெள்ளத்தில் இறக்கி 176 பேரைக் கரைசேர்த்தார்கள். தண்ணீரில் தத்தளிக்கிறவனிடம் நீ எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்டா படகில் ஏற்றினார்கள்?

1976-ல் அதே ஆற்றங்கரையில் டின் டவுன் என்ற குடியிருப்பு மூழ்கியது. எங்கள் சங்கத்தில் அன்றைக்கு இருந்த பணம் மொத்தமும் போர்வையாகப் போனது. அந்தக் குடும்பங்கள்தான் பிறகு பீனிக்ஸுக்குக் குடிபோனவர்கள். 1987 செப்டம்பர் வெள்ளத்திலும் கொடுத்தோம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மாகாணம் முழுக்க நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் மேட்டுத் தெருவில் பல நாள் குழாயில் தண்ணீர் இல்லை. கீழே பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியில் வீடே இல்லை. மண் சரிந்து, தகரமும் பலகையுமாகக் கிடந்தது. அன்றைக்கு அங்கேயிருந்து ஒரு ஜூலு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்து, எங்கள் தெருவில் படுக்கையோடு கிடந்த ஒரு கிழவியின் வீட்டுச் சேற்றை வாரிப்போட்டாள். அந்த வீட்டில் வாரத்தில் இரண்டு நாள் துணி துவைக்கிறவள் அவள். தன் வீடு போன அன்றே வந்தாள். நான் கண்ணால் பார்த்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் என்ற நிவாரண அமைப்பு அந்த வாரம் மாகாணமெங்கும் தண்ணீரும் உணவும் கொண்டுபோனது. 1992-ல் டாக்டர் இம்தியாஸ் சுலைமான் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் எந்த மதம் என்று கேட்டா கொடுத்தார்கள்? நாம் மட்டும் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றிருந்தால் என் தாத்தா முகத்தில் நான் எப்படி விழிப்பது? இந்தத் தெருவில் அவர் தகரம் ஏந்திய முதல் வீடும் அவருக்குத் தெரியாத வீடுதான்.

நம் ஆட்களுக்குப் போதவில்லை என்பது நிஜம். அதற்கு வழி சந்தாவைச் சரியாகக் கட்டுவது. உங்கள் வீட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது, கோபப்படாதீர்கள்.

லெனேஷியாவில் நாங்கள் இருபது குடும்பம் சேர்ந்து புதிதாக ஒரு சங்கம் தொடங்கப் போகிறோம். சட்டப்படி என்ன செய்ய வேண்டும்?
– ஜோகன்னஸ்பர்க் வாசகர்

முன்பு கஷ்டம். 1978-ல் வந்த நிதி திரட்டல் சட்டப்படி, அனுமதி இல்லாமல் பொதுமக்களிடம் வசூலிக்கவே கூடாது. எங்களைப் போன்ற சின்னச் சங்கங்கள் பயந்து பயந்து உறுப்பினர்களிடம் மட்டும் வாங்கிய காலம் அது. 1997-ல் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டம் வந்தபின் எளிது. விதிமுறை எழுதி, பொறுப்பாளர் பெயர்களோடு சமூக மேம்பாட்டுத் துறையில் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. யாராவது பணம் வாங்கிக்கொண்டு பதிந்துதருகிறேன் என்றால் நம்பாதீர்கள். பதிந்த பிறகு, ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். இதை மறந்துதான் நிறையப் பேர் பதிவை இழக்கிறார்கள். கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை வேண்டுமானால் வருமான வரித் துறையில் தனியாக 18ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் வாங்க வேண்டும். ராஃபிள் நடத்துவதானால் லாட்டரி ஆணையத்திடம் கேட்டுக்கொண்டு நடத்துங்கள்.

வங்கியில் இருவர் கையெழுத்து. அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது.

அம்மா, காலமான என் தாத்தாவின் பெட்டியில், ஒரு தமிழ்ப் பாடசாலைக் கட்டட நிதிக்கு அவர் கொடுத்த 2 ஷில்லிங் 6 பென்னிக்கு ஒரு பழைய ரசீது கிடைத்தது. மஞ்சளாகி மடிப்பில் கிழிகிறது. தூக்கிப்போட மனமில்லை. என்ன செய்யலாம்?
– டோங்காட் வாசகி

தூக்கிப்போடவே போடாதே கண்ணு. லேமினேட் செய்யாதே, ஒட்டுக் காகிதமும் ஒட்டாதே, பசை மையைத் தின்றுவிடும். மடிப்பை மெதுவாக விரித்து, இரண்டு சுத்தமான வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, ஒரு கெட்டி அட்டை உறைக்குள் போடு. வெயில் படாத இடத்தில், ஈரம் ஏறாமல் வை. இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடு.

பிறகு டர்பனில் டெர்பி தெருவில் இருக்கும் 1860 பாரம்பரிய மையத்திலோ, வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்திலோ கேட்டுப் பார். அசலைக் கொடுக்க மனமில்லாவிட்டால் நகல் கொடுக்கலாம்.

அதற்கு முன்னால் ஒன்று செய். ஒரு தனித் தாளில் உன் தாத்தாவின் பெயர், ஊர், என்ன வேலை பார்த்தார், அன்றைக்கு அவர் வாரக் கூலி எவ்வளவு என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதி அந்த உறைக்குள்ளேயே வை. பென்சிலால் எழுது, பேனா வேண்டாம், மை கசியும்.